சுவரில் இருந்த கோவிந்தன்

பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இப்போது படப்பிடிப்புக்கென்றே வீடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று வாசல். கிழக்கு வாசலில் நுழைந்தால் பணக்கார வீடு, பின்பக்கம் போனால் நடுத்தரக் குடும்பம், மாடி ஏறினால் போலீஸ் ஸ்டேஷன். குழாயைத் திறந்தால் மட்டும் எந்தக் குடும்பத்துக்கும் தண்ணீர் வராது. அங்கே தயாரிப்பு நிர்வாகியாக வேலை பார்க்கும் நிவேதா என்ற பெண் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். கெட்டிக்காரப் பெண். "சார், உங்க காலத்துல ஆளுங்க குடியிருக்கிற வீட்லயே எடுப்பீங்களாமே, எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நான் வழக்கம்போல நாலு வேடிக்கைக் கதை சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் மனசு உறுத்தியது. சமாளித்த கதைகளையெல்லாம் சொன்னேன், சமாளிக்க முடியாமல் நின்ற கதையைச் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுகிறேன். நிவேதா படித்தால் சரி.

நான் ஆவடிக்காரன். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். அங்கே மனமகிழ் மன்றத்தில் ஆண்டுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். நடிக்கப் போனேன். முதல் நாடகத்திலேயே வசனம் மறந்து, செத்துப்போக வேண்டிய காட்சிக்கு முன்னாலேயே செத்துவிட்டேன். அதன் பிறகு என்னைத் திரை இழுக்க விட்டார்கள். யாருக்கு எப்போது என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது எனக்கு இயல்பாக வந்தது. அதற்குப் பெயர்தான் தயாரிப்பு என்று தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. எண்பதுகளின் தொடக்கத்தில் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா கம்பெனியில் தயாரிப்பு உதவியாளனாகச் சேர்ந்தேன். "ஃபேக்டரிக்கு அப்ளிகேஷன் போடச் சொன்னா, இட்லிப் பொட்டலம் பிரிக்கப் போயிருக்கான்" என்று அப்பா பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அவர் சொன்னது பொய்யில்லை. முதல் நான்கு ஆண்டுகள் அதைத்தான் செய்தேன்.

அந்தக் கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் ராகவலு. தயாரிப்பு மேலாளர். நெல்லூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான ஆள், வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெற்றிலை. எல்லாரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார், கோபம் வந்தால் மட்டும் 'சார்' என்பார். அவர் யாரையாவது சார் என்று கூப்பிட்டால் யூனிட்டே பயந்து நடுங்கும்.

ஒருமுறை குத்தம்பாக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தோம். கதாநாயகனும் கதாநாயகியும் மழைக்கு ஒதுங்கும் காட்சி. விளக்கெல்லாம் கட்டி முடித்த நேரத்தில் உள்ளே கட்டியிருந்த பசுவுக்கு வலி எடுத்துவிட்டது. அதை வெளியே ஓட்டிவிடலாம் என்றார் இயக்குநர். ராகவலு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பிரசவம் நடக்கற எடத்துல எவன் லைட்டு போடுவான் சார்?" என்றார். அவ்வளவுதான். சார் என்ற சொல் காதில் விழுந்ததும் லைட்மேன்கள் தாங்களாகவே விளக்கை அணைத்துவிட்டார்கள். அரை நாள் போயிற்று. பெரிய கதாநாயகன் காரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். கன்று விழுந்ததும் ராகவலு அவரையே கூட்டிவந்து காட்டினார். அந்த மனிதர் பட்டுச் சட்டையோடு சாணியில் மண்டிபோட்டு உட்கார்ந்து கன்றுக்குட்டியை வைக்கோலால் துடைத்துவிட்டார். அன்று மாலை அவர் நடித்ததுபோல் அந்தப் படம் முழுக்க நடிக்கவில்லை.

ராகவலுவிடம் நான் கற்ற பெரிய விஷயம் நோட்டுப் புத்தகம். குடியிருக்கும் வீட்டில் படம் எடுப்பதென்றால், விளக்குப் பெட்டிகள் இறங்குவதற்கு முந்தின நாளே அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார். பின்னால் நான் பென்சிலோடு போக வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம். முதலில் அறையின் வரைபடம். பிறகு எந்தச் சாமான் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அலமாரிக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். பீரோ நகர்த்தப்படுமானால் அதன் கால் இருந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம். சாமி அறைக் கதவைத் திறக்கக் கூடாது. வாசல் கோலத்தின்மேல் கேபிள் போகக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். வீட்டுப் பெண்மணியிடம் மூன்று கேள்வி: குடிக்கிற தண்ணீர் எந்தக் குடத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எங்கே, தொடவே கூடாத சாமான் எது. கடைசியாகச் 'சுவர்' என்று ஒரு தலைப்பு. சுவரில் மாட்டியிருக்கும் ஒவ்வொன்றும் என்ன, போட்டோ என்றால் அதில் இருப்பவர் யார், என்ன உறவு என்று எழுத வேண்டும். "சாமான் ஒடஞ்சா வேற வாங்கிக் குடுத்துரலாம் நைனா, ஒரு ஊட்டு மனுசன வாங்கிக் குடுக்க முடியுமா?" என்பார். படப்பிடிப்பு முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி வைத்து, வீட்டைப் பெருக்கி, ஒரு பொட்டலம் கோலமாவு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

ராகவலு ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். எனக்கும் சினிமாவில் பெரிதாக மேலே ஏறும் வழி தெரியவில்லை. வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்த காலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அரசுத் தொலைக்காட்சிக்கு ஒரு பதிமூன்று வாரத் தொடர் எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் கிடைத்துவிட்டது. தயாரிப்பு என்று என் பெயர் முதன்முறையாகத் திரையில் வரப்போகிறது. அப்பா டிவிக்கு ஒரு புது உறை தைக்கக் கொடுத்தார்.

கதை சாதாரணக் கதைதான். கணவனை இழந்த ஒரு பெண் வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்கிறாள். அதற்கு ஒரு வீடு வேண்டும். பழைய அம்பத்தூரில் சரோஜா என்பவரின் வீடு கிடைத்தது. சிவப்புத் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல வெளிச்சம். ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த குடும்பத்தின் வீடு அது. நிலமெல்லாம் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வீடு மட்டும் மிஞ்சி, அதையும் அண்ணன் தம்பி இருவரும் நடுவே சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாதியில் அண்ணன் ஏகாம்பரம், எஸ்டேட்டில் வாட்ச்மேன். மறு பாதியில் தம்பி மனைவி சரோஜா, மகள் வசந்தி. சரோஜா நட்டு போல்ட்டு பொட்டலம் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாவியையே கொடுத்துவிட்டார்.

நான் நோட்டோடு போனேன். எல்லாப் பக்கமும் ஒழுங்காக எழுதினேன். கூடத்துக்கு வந்தபோது வெளியே வேன் வந்து ஹாரன் அடித்தது. 'எதிர்ச் சுவர்: காலண்டர் ஒன்று, கடிகாரம் ஒன்று, போட்டோ ஒன்று' என்று எழுதிவிட்டு ஓடினேன். யார் என்று கேட்கவில்லை. தயாரிப்பாளர் ஆகிவிட்டேன் அல்லவா, அவசரம்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. சரோஜாவுக்கு விடுமுறை, சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். கணவன் இறந்து கிடக்கும் காட்சியை எடுத்தோம். 'கட்' சொன்னதும் கேமராமேன் பீட்டர் கேமராவை நிறுத்தவில்லை. பிணமாகப் படுத்திருந்த நடிகர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அதையும் கொஞ்ச நேரம் பதிவு செய்த பிறகுதான் பீட்டர் நிறுத்தினார். இது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். சரோஜாவுக்கு விளங்கவில்லை. "இன்னாத்துக்கு சிரிக்கிறாரு?" என்று கேட்டார். லைட்மேன் மணவாளன் சொன்னார்: "உயிரோட கீற ஆளு பொணமா படுத்தா, எழுந்து கேமரா முன்னாடி சிரிச்சிட்டுத்தாம்மா போவணும். இல்லாங்காட்டி அவருக்கு ஆவாது." சரோஜா அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த காட்சி. கணவன் இறந்து சில மாதங்கள் ஆகிவிட்டன, மனைவி முதல் முறையாக வேலைக்குக் கிளம்புகிறாள், சுவரில் மாலை போட்ட கணவன் படம். அந்த நடிகரின் போட்டோவைச் சட்டம் போடக் கொடுத்திருந்தோம். கடைக்காரர் மறந்துவிட்டார். நடிகைக்கு மதியம் வேறு படப்பிடிப்பு. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஒரு போட்டோ தனியாக, சற்று உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர். சரோஜாவின் அண்ணனோ யாரோ, காலமானவராக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் யோசிக்கவில்லை. "தூரத்து ஷாட்தானே, முகம் தெரியாது. அதுக்கே மாலையைப் போடு" என்றேன். கலைத்துறைப் பெட்டியிலிருந்து சந்தனச் சீவல் மாலையை எடுத்துப் போட்டார்கள், கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு வைத்தார்கள். நாலரை நிமிடக் காட்சி, ஒரே ஷாட், அருமையாக வந்தது. முடிந்ததும் மாலையைக் கழற்றி, பொட்டைத் துணியால் துடைத்து, வீட்டைப் பெருக்கி, கோலமாவுப் பொட்டலத்தையும் வைத்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. நான்காம் வாரக் கேசட்டைத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பு. நாங்கள் பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் படம்பிடித்துக்கொண்டிருந்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரோஜா வந்தார். கம்பெனியில் போட்டுக்கொள்ளும் நீல கோட்டோடு, கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்றோடு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாங்கம்மா, சாப்பிடுங்க என்றேன். அவர் துண்டைப் பிரித்தார். அந்தப் போட்டோ. ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது எடுத்திருக்கிறார். கண்ணாடியில், நெற்றிக்கு மேலே, எங்கள் ஆட்கள் துடைத்தது போக ஒரு சிவப்புத் தீற்றல் மிச்சமிருந்தது. சட்டத்தின் இடுக்கில் ஒரு சந்தனச் சீவல்.

"எங்க ஊட்டுக்காரரு நெத்தியில யாரு சார் பொட்டு வெச்சது?" என்றார்.

அவர் உரக்கக் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வழி கேட்பது போன்ற குரலில் கேட்டார்.

அவர் கணவர் பெயர் கோவிந்தன். லேத்துப் பட்டறையில் டர்னர். பட்டறையை மூடிவிட்டார்கள். "ஓசூர்ல வேலை கீதுன்னு எவனோ சொன்னான்னு கெளம்பிப் போனாரு சார். போயி ஏழு வருசம் ஆச்சு. கடுதாசி இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க மாமா, அதான் அவரு அண்ணன், செத்துட்டான்னு காரியம் பண்ணி முடிச்சிடலாம், நீயும் பொட்டு பூவை எடுத்துடுன்னு வருசா வருசம் வந்து நிக்கிறாரு. முடியாதுன்னுகினே கீறேன். இப்போ டிவில எங்க ஊட்டுச் சுவத்துல அவரு மாலை போட்டுகினு இருந்தா, நீயே போட்டுட்டியேம்மான்னுவாரு. நான் இன்னான்னு சார் பதில் சொல்றது?"

"முகம் தெரியாதும்மா. ரொம்பத் தூரத்து ஷாட்டு."

"உங்களுக்கு மூஞ்சி தெரியாது சார். எங்க தெருவுக்கு அந்தச் சுவரு தெரியும்."

ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று ராத்திரி முழுக்க நான் அந்த அம்மாளைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. கொடுத்த கேசட்டைத் திரும்ப வாங்கினால் நம் நேரத்தை நிலையத்தார் வரிசையில் காத்திருக்கும் அடுத்த தொடருக்குக் கொடுத்துவிடலாம், அது விதி. நின்றுபோனால் மறுபடி எழுவது கஷ்டம். பேசாமல் இருந்துவிட்டால் என்ன, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றுகூட ஒரு முறை, இல்லை, இரண்டு மூன்று முறை நினைத்தேன். நினைத்தேன் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் நிலையத்துக்குப் போனேன். எங்கள் தொடருக்குப் பொறுப்பான நிகழ்ச்சி அதிகாரி சுகந்தா மேடம். தயாரிப்பாளர்கள் எல்லாரும் அவருக்குப் பயப்படுவோம். முன்னோட்டம் பார்க்கும்போது பக்கத்தில் கோடு போட்ட ஏடு ஒன்றை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கி இறக்கிப் பார்ப்பார். பின்னணியில் ஒரு கடிகாரம் நேரம் தப்பாகக் காட்டினால்கூட எழுதிவிடுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"கேசட்டைத் திருப்பித் தர நான் காரணம் எழுதணும். நீங்க சொன்னதை எழுத இதுல இடம் இல்லை" என்றார்.

"டேப்பில் கோளாறு என்று போடுங்களேன், மேடம்."

"கோளாறு இருக்கா?"

"இல்லை."

"அப்ப எப்படிப் போடுவேன்?"

நான் எழுந்து வந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் அவர் கேசட்டை இயந்திரத்தில் போட்டார். முதலிலிருந்து பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாலை போட்ட படம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

"இரண்டாவது காட்சியில செத்துப்போனது யாரு?"

நடிகரின் பெயரைச் சொன்னேன்.

"இந்த மாலைக்குள்ள இருக்கறது யாரு?"

"கோவிந்தன், மேடம்."

"அப்ப இது தொடர்ச்சிப் பிழை. செத்தவர் ஒருத்தர், மாலை வேற ஒருத்தருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "திங்கட்கிழமை மதியத்துக்குள்ள திருத்திக் கொண்டுவந்துடுங்க. ஒளிபரப்பு நேரம் அப்படியே இருக்கும். இவ்வளவு பெரிய தப்பை விட்டுட்டு என்ன தயாரிப்பு பண்றீங்க?" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் திட்டினார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய திட்டுகளிலேயே இனிப்பான திட்டு அதுதான். கதவருகே போனபோது கூப்பிட்டார். "அந்த அம்மா பேரு என்ன சொன்னீங்க?" என்றார். சரோஜா என்றேன். அடுத்த கேசட்டை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் பழைய அம்பத்தூருக்குப் போய், மறுபடி வீடு வேண்டும் என்று கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேன் என்று தெரியவில்லை. சரோஜா சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த முறை நடிகரின் போட்டோ சட்டம் போட்டு வந்துவிட்டது. கோவிந்தன் படத்தை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி நானே இறக்கினேன். கிணற்றடிக்கு எடுத்துப்போய், சோப்பு போட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் துணியால் ஒற்றி ஒற்றிக் கண்ணாடியைத் துடைத்தேன். சட்டத்து இடுக்கை ஊசியால் சுத்தம் செய்தேன். நாங்கள் காட்சி எடுத்து முடிக்கும் நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. ஏகாம்பரம். கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றார். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது.

"தம்பி போட்டோக்கு மாலை போட்டீங்களாமே? இதத்தானே ஏழு வருசமா நான் சொல்லிகினு கீறேன். ஊருக்கே தெரிஞ்சிபோச்சி, இன்னும் இன்னாத்துக்கு மறைக்கிறே சரோஜா?" என்றார்.

யூனிட்டில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரோஜா அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் வந்தார்.

"சார், அன்னிக்கு அந்த சாரு பொணமா படுத்ததுக்கு சிரிக்க வெச்சீங்களே. எங்க ஊட்டுக்காரருக்கும் அதப் பண்ணணும்."

பீட்டர் மெதுவாகச் சொன்னார். "போட்டோ எப்டிம்மா சிரிக்கும்?"

"அவருக்குப் பதிலா நான் சிரிக்கிறேன்."

நடிகரின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். கோவிந்தனைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். படம் உயரத்தில் இருந்ததால் சரோஜா ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி நின்றார். இரண்டு முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மணவாளன் ஒரு சின்ன விளக்கைத் திருப்பி, அதன்மேல் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு கவனமாக அவர் எந்தக் கதாநாயகிக்கும் விளக்கு வைத்து நான் பார்த்ததில்லை. பீட்டர் "ரோலிங்" என்றார்.

சிரிப்பு வரவில்லை. உதடு கோணியது, நடுங்கியது. தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வசந்தி சமையலறைக் கதவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று பீட்டர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

அப்போது ஏகாம்பரம் நிலைப்படியை விட்டு உள்ளே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தெரிந்த தம்பியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறாரோ.

"இது என் சட்டையாச்சே" என்றார்.

சரோஜா திரும்பினார். "ஆமா மாமா. நீங்க ஒரு கல்யாணத்துக்குத் தெச்ச சட்ட. கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு கொடியிலேர்ந்து உருவிகினு பூந்தமல்லி ஸ்டூடியோக்கு ஓடினாரு. பட்டன் போட முடியல, மூச்ச இழுத்துப் புடிச்சிகினு எடுத்தாரு" என்றார். சொல்லிக்கொண்டே வரும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, ஸ்டூலே ஆடும்படி சிரித்தார். வசந்தியும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய சரோஜா கோவிந்தன் படத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பீட்டர் முழுசாக ஒரு நிமிடம் பதிவு செய்தார். நிறுத்தியதும் அவர் தன் முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே போய்விட்டார்.

ஏகாம்பரம் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் பெருக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது நிலைப்படி காலியாக இருந்தது.

திருத்திய கேசட் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பானது. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. என் நோட்டில் மட்டும் 'சுவர்' என்ற தலைப்பின் கீழே இன்னொரு கேள்வி சேர்ந்தது: 'எங்கே இருக்கிறார்?' அதன் பிறகு நான் ஏழெட்டுத் தொடர்கள் எடுத்தேன். வாரத் தொடர் போய்த் தினத் தொடர் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு வீடு போதாமல் ஆனது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எத்தனையோ வீடுகளில் நுழைந்திருக்கிறேன். கேட்காமல் ஒரு போட்டோவையும் தொட்டதில்லை. கேட்டால் மக்கள் உட்காரவைத்துச் சொல்வார்கள். சில நாள் காலைப் படப்பிடிப்பே தாமதமாகும். தாமதமாகட்டும் என்று விட்டுவிடுவேன். இயக்குநர்களுக்கு என்மேல் கோபம் உண்டு.

சில ஆண்டுகள் கழித்து வசந்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. பிரித்ததும் நான் பார்த்தது பெற்றோர் பெயரைத்தான். 'கோவிந்தன் – சரோஜா' என்று இருந்தது. முன்னால் 'அமரர்' என்று ஓர் அடைமொழியும் இல்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூர் மண்டபத்துக்குப் போனேன். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஏகாம்பரமும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் முடி நரைத்து, உடம்பு தளர்ந்துபோயிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, வணக்கம் வைத்தார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். ஏகாம்பரம் ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்ததும் அந்தப் பெரியவர் மரியாதைக்காக விசாரிப்பதுபோல் கேட்டார். "பொண்ணோட அப்பா தவறி எத்தினி வருசம் ஆச்சுங்க?"



"தவறிட்டானா? யாரு சொன்னது உங்களுக்கு?" என்றார் ஏகாம்பரம். "என் தம்பி வெளியூரு போய்க்கீறான். வருவான்." பிறகு குரலை இறக்கி, "இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்லட்டுமா?" என்றார்.

வருவான் என்றதை அவர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னார். சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த சரோஜாவுக்கும் கேட்டிருக்கும். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பாயசம் எல்லா இலைக்கும் வந்ததா என்று கேட்டபடி பந்திக்குள் வந்தார்.